முடுக்கம் என்ற கருத்து எப்படி வளர்ந்தது? வகுப்பில் அந்த வழியிலேயே நடத்த முடியுமா?

அல்சூர் மாலை வகுப்பு (கேள்வி)

வணக்கம். பெங்களூர் அல்சூரில் 10, 11-ஆம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் இயற்பியல் நடத்துகிறோம். அடுத்து முடுக்கம். பாடநூல் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: திசைவேகம் மாறும் வீதம். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், கணக்கும் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் "நேர் மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது முடுக்கம் எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலோர் பூஜ்யம் என்கிறார்கள். ஒரே வேகத்தில் வளைவில் திரும்பும் பைக்குக்கு முடுக்கம் உண்டு என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

வரையறையைக் கடைசியில் வைத்துக்கொண்டு, மனிதர்கள் இதைப் புரிந்துகொண்ட வரிசையிலேயே கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறோம். எந்தக் கட்டத்தில் எது தடையாக இருந்தது? கலிலியோவின் சாய்தளச் சோதனையை இங்கே கிடைக்கும் பொருட்களை வைத்துச் செய்ய முடியுமா? இந்தியக் கணிதத்தில் இதற்கு ஏதாவது தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

ஊசல்

மேடம், விழும் பொருள் போகப்போக வேகம் எடுக்கிறது என்பது அரிஸ்டாட்டிலுக்கே தெரிந்த விஷயம். அவருக்குப் பின் வந்த ஸ்ட்ராட்டோ அதற்குச் சான்றே காட்டினார்: கூரையிலிருந்து வழியும் நீர் மேலே ஒரே தாரையாக இருக்கிறது, கீழே வரும்போது துளித்துளியாகப் பிரிகிறது. முன்னால் போன நீர் பின்னால் வரும் நீரைவிட வேகமாக விலகினால்தான் அப்படிப் பிரியும். வகுப்பைத் தொடங்க இதைவிட நல்ல காட்சி கிடையாது. சமையலறைக் குழாயில் நுரை வரவைக்கும் சல்லடை மூடி இருந்தால் கழற்றிவிடுங்கள். குழாய் வாய் 8 மி.மீ. விட்டம் என்றால், 200 மி.லி. டம்ளர் 8 விநாடியில் நிரம்பும் அளவுக்குத் திறந்தால் நீர் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கிளம்பும். 20 செ.மீ. கீழே அது சுமார் 2 மீட்டர் வேகம் ஆகிவிடும், தாரையின் விட்டம் பாதியாகக் குறையும். அளவுகோலை அருகில் வைத்து போட்டோ எடுத்தாலே தெரியும்.

ஆக, வேகம் கூடுவதை எல்லோரும் பார்த்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். "கூடுகிறது" சரி, எதைப் பொறுத்துக் கூடுகிறது? கடந்த தூரத்தையா, கடந்த நேரத்தையா? இன்னொன்று, "இந்தக் கணத்தில் வேகம் இவ்வளவு" என்று சொல்வதற்கு என்ன பொருள்? ஒரு கணத்தில் பொருள் எந்தத் தூரமும் போவதில்லையே.

இரண்டாவது கேள்வியை முதலில் பிடித்தவர்கள் 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரியில் இருந்தவர்கள். 1335-ல் ஹேட்ஸ்பரி சீரான முடுக்கத்துக்குத் தந்த விளக்கம் இன்று நாம் சொல்வதேதான்: சம நேரங்களில் சம அளவு வேகம் கூடுவது. ஒரு கணத்தின் வேகத்தையும் அவர்கள் தெளிவாக்கினார்கள். பொருள் அதே வேகத்தை மாற்றாமல் தொடர்ந்தால் எவ்வளவு தூரம் போயிருக்குமோ, அதுதான் அளவு. ஓய்விலிருந்து சீராக வேகம் எடுக்கும் பொருள், கடைசி வேகத்தில் பாதியைச் சீராக வைத்துப் போனால் கடக்கும் தூரத்தையே கடக்கும் என்ற சராசரி வேகத் தேற்றமும் அவர்களுடையது. 1350-களில் பாரிஸில் ஓரெம் அதையே படமாக வரைந்தார். நேரம் கிடைக்கோடு, வேகம் செங்குத்துக் கோடு, தூரம் அந்த முக்கோணத்தின் பரப்பு. நம் பிள்ளைகள் போடும் வேகம்–நேரம் வரைபடம்தான்.

அப்புறம் கலிலியோ வரை ஏன் 300 ஆண்டு? அவர்கள் விழும் கல்லைப் பற்றிப் பேசவில்லை. சூடு ஏறுவது, வெண்மை கூடுவது, வேகம் கூடுவது எல்லாமே அவர்களுக்கு ஒரே வகை தர்க்கப் பயிற்சி. இயற்கையில் எது சீராக முடுக்கம் பெறுகிறது என்று அங்கே யாரும் தேடவில்லை. 1551-ல் ஸ்பெயினின் தொமிங்கோ தெ சோட்டோ விழும் பொருள் இந்த வகை இயக்கம் என்று போகிற போக்கில் எழுதினார், அளந்து பார்க்கவில்லை.

கலிலியோகூட 1604-ல் பாவ்லோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில் வேகம் விழுந்த தூரத்துக்கு நேர்விகிதம் என்றே எடுத்துக்கொண்டார். தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற முடிவு அப்போதே அவர் கையில் இருந்தது. அதற்கு அவர் தேடிய காரணம்தான் பிசகியது. இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி, வேகம் தூரத்துக்கு நேர்விகிதம் என்றால் என்ன ஆகும் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள். தூரம் பூஜ்யம் என்றால் வேகமும் பூஜ்யம். அப்படியானால் கையை விட்ட கல் கிளம்பவே கிளம்பாது. நேரத்துக்கு நேர்விகிதம் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு நூற்றாண்டு விவாதத்தின் சாரம் இதில் இருக்கிறது, பத்து நிமிடத்தில் பேசிவிடலாம்.

உச்சியில் பூஜ்யம் என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் வரலாற்றில் துணை உண்டு. கை கொடுத்த உந்துதல் பந்துக்குள் தங்கி, மெல்லத் தேய்ந்து, உச்சியில் எடைக்குச் சமமாகிறது என்பது கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் சொன்னதாக, அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய சிம்ப்ளிசியஸ் குறித்துவைத்திருக்கும் விளக்கம். பிள்ளைகள் மனதில் ஓடுவதும் அதுவேதான். அதை முட்டாள்தனம் என்று தள்ளாமல், அந்த விளக்கத்தைப் பலகையில் எழுதி, எங்கே உடைகிறது என்று காட்டுவது நல்லது.

---

பேரிங் குண்டு

சாய்தளத்துக்கு வருகிறேன். 1638-ல் லெய்டனில் அச்சான நூலில் கலிலியோ தரும் அளவு: 12 முழ நீள மரச்சட்டம் (ஃபிளாரன்ஸ் முழம் சுமார் 58 செ.மீ., ஆக ஏறக்குறைய 7 மீட்டர்), ஒரு விரல் அகலத்துக்குச் சற்று மேல் நேரான பள்ளம், உள்ளே வழவழப்பான தோல்தாள், நன்றாக உருண்டையான வெண்கலக் குண்டு. ஒரு முனையை ஒன்றிரண்டு முழம் உயர்த்தினார். நேரத்துக்கு, பெரிய தொட்டியிலிருந்து சிறு குழாய் வழியாக விழும் நீரைப் பிடித்து எடை போட்டார். நாடித் துடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் வரவில்லை என்கிறார். இது கற்பனை என்று 20-ஆம் நூற்றாண்டில் கொய்ரே போன்ற அறிவியல் வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்பட்டார்கள். 1961-ல் தாமஸ் செட்டில் அதே முறையில் செய்து, அந்தத் துல்லியம் கிடைக்கும் என்று காட்டினார்.

நீங்கள் செய்ய 7 மீட்டர் வேண்டாம், 2 மீட்டர் போதும். கலிலியோவின் கையெழுத்துத் தாள் ஒன்றில் 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104 என்று எட்டு எண்கள் இருக்கின்றன. அலகு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக மொத்தம் ஏறக்குறைய 2 மீட்டர். 33-ஐ 1, 4, 9, 16 என்று வர்க்கங்களால் பெருக்கிக்கொண்டே போய்ப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். அந்தத் தாளின் நகலை வகுப்பில் காட்டினால், பிள்ளைகள் தங்கள் எண்களை அவருடைய எண்களோடு ஒப்பிடலாம்.

பொருட்கள்: ஜன்னல் சட்டம் போடும் அலுமினியக் கடையில் 25 மி.மீ. ஆங்கிள் (L வடிவச் சட்டம்), 2 மீட்டர். கீறல், வளைவு இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் 20 முதல் 25 மி.மீ. பேரிங் குண்டு. ஆங்கிளைக் குழிவு மேல் பார்க்கும்படி வைத்து, நேரான மரச்சட்டத்தில் 40 செ.மீ.க்கு ஒரு இடத்தில் தாங்கல் கொடுங்கள். நடுவில் 2 மி.மீ. தொங்கினாலும் மேல்பாதி அதிகச் சரிவாகவும் கீழ்பாதி குறைந்த சரிவாகவும் மாறி, வர்க்க விதி கெட்டுப்போகும். சோதனை தோற்க முதல் காரணம் இதுதான்.

ஒரு முனையை 6 செ.மீ. உயர்த்துங்கள். குண்டு 2 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 விநாடி ஆகும். மேலிருந்து 12.5, 50, 112.5, 200 செ.மீ.யில் குறி போடுங்கள். இந்த நான்கு குறிகளையும் குண்டு சம நேர இடைவெளியில், சுமார் 1.24 விநாடிக்கு ஒன்றாக, தாண்டவேண்டும். இடைவெளிகள் 12.5, 37.5, 62.5, 87.5, அதாவது 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை விகிதம்.

குறியில் சத்தம் வரவைக்க நூலைக் குறுக்கே கட்டச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. தட்டைப் பலகையில் அது சரி. ஆங்கிளில் கட்டினால் நூல் குண்டின் நடுவில் முட்டி நிறுத்திவிடும். அதற்குப் பதில் 3 மி.மீ. அகல ஒட்டுநாடாவை இரண்டு அடுக்காகப் பள்ளத்தின் உட்புறம் இரு பக்கமும் ஒட்டுங்கள். குண்டு தாண்டும்போது "டிக்" என்று கேட்கும். கைபேசியில் ஒலியைப் பதிவுசெய்து அலைவடிவத்தைப் பார்த்தால் நூறில் ஒரு விநாடி வரை படிக்கலாம். ஆனால் முதல் சுற்றைக் காதால் மட்டும் செய்யச் சொல்லுங்கள். தாளம் சீராக இருக்கிறதா இல்லையா என்பதை நம் காது வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமாகப் பிடிக்கும். இசைக் குடும்பத்தில் பிறந்த கலிலியோவும் இப்படித்தான் குறிகளை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்திருப்பார் என்பது கலிலியோ ஆய்வாளர் ஸ்டில்மன் டிரேக்கின் கருத்து.

நீர்க்கடிகாரமும் வைக்க ஆசை என்றால்: 30 செ.மீ. விட்ட வாளி, அடியில் 4 மி.மீ. உள்விட்டக் குழாய், நீர்மட்டம் குழாய் வாயிலிருந்து 30 செ.மீ. மேலே. விநாடிக்கு ஏறக்குறைய 20 கிராம் கொட்டும். 5 விநாடிக்கு 100 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசு 1 கிராம் காட்டினால் பிழை நூற்றில் ஒன்று. வாளி அகலமாக இருப்பது முக்கியம். 100 மி.லி. போனால் மட்டம் 1.4 மி.மீ.தான் இறங்கும், ஓட்டம் மாறாது. குறுகலான பாட்டிலில் செய்தால் மட்டம் சட்டென்று இறங்கி, ஓட்டமும் குறைந்து, பின்பகுதி நேரங்கள் குறைவாகக் காட்டும்.

இந்தச் சாய்தளத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட முயன்றால் மதிப்பு பாதி அளவுக்குத்தான் வரும். குண்டு வழுக்கவில்லை, உருள்கிறது. சக்தியில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போகிறது. தட்டைத் தளத்தில் உருளும் திண்மக் குண்டுக்கு வழுக்கும்போது வரும் முடுக்கத்தில் 5/7 பங்குதான் கிடைக்கும். செங்கோண ஆங்கிளில் குண்டு இரண்டு பக்கமும் தொட்டு உருள்வதால், தொடும் கோடு மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் குண்டு அதிகமாகச் சுழலவேண்டும். பங்கு 5/9 ஆகக் குறையும். 6 செ.மீ. உயரம், 2 மீட்டர் நீளம் என்றால் 9.78 × 0.03 × 5/9 = 0.163 மீ/வி². மேலே சொன்ன 5 விநாடி இதிலிருந்து வந்தது.

---

அல்சூர் மாலை வகுப்பு

மிக்க நன்றி. ஆங்கிளும் குண்டும் வாங்கச் சொல்லிவிட்டோம். ஒரு சந்தேகம்: இந்த 5/7, 5/9 கலிலியோவுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் விழும் கல்லின் முடுக்கத்தை அவர் எப்படிக் கணக்கிட்டார்?

---

ஊசல்

தெரியாது. சுழலும் பொருளின் நிலைமத்தைக் கையாளும் கணக்கு ஹைகன்ஸ் ஊசலில் தொடங்கி, 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கையில்தான் முழுமை பெற்றது. கலிலியோவுக்கு விகிதம் போதுமானதாக இருந்தது. 1632-ல் வெளியான நூலில் இரும்புக் குண்டு 100 முழத்தை 5 விநாடியில் விழும் என்று ஓரிடத்தில் சொல்கிறார். அதை வைத்துக் கணக்கிட்டால் 4.6 மீ/வி² அளவில்தான் வரும், உண்மையில் பாதிகூட இல்லை. மெர்சென் இதை அப்போதே மறுத்தார். ரிச்சியோலி பொலோஞாவின் அசினெல்லி கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்டு, ஊசலை நேரமானியாக வைத்து அளந்து 1651-ல் வெளியிட்டார். ஒற்றைப்படை விதி சரியென்று கோபுர உயரத்தில் அளந்து காட்டியவர் அவர்.

நல்ல எண் ஹைகன்ஸிடம் கிடைத்தது, அதுவும் எதையும் கீழே போடாமல். ஊசலின் அலைவு நேரத்துக்கும் விழும் வேகத்துக்கும் உள்ள உறவைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளத்தை அளந்தார், முதல் விநாடியில் கல் 15 பாரிஸ் அடி 1 அங்குலம் விழும் என்று 1673 நூலில் எழுதினார். மீட்டரில் 4.90, ஆக முடுக்கம் 9.8.

இதைப் பெங்களூரில் அவசியம் செய்யுங்கள், ஏனென்றால் இங்கே விடை 9.8 அல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில், 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் 9.78. டெல்லியில் 9.79, பாரிஸில் 9.81. ஒரு பக்கத்துக்கு ஒரு விநாடி எடுக்கும் ஊசல் பாரிஸில் 99.4 செ.மீ., பெங்களூரில் 99.1 செ.மீ. இந்த 3 மி.மீ. வித்தியாசத்தைத்தான் 1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ரிஷே, நிலநடுக்கோட்டுக்கு அருகில் தென் அமெரிக்காவில் உள்ள கயேனில் கண்டார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் அங்கே தாமதமாக ஓடியது, அதன் நீளத்தை ஒன்றேகால் வரி (அக்கால பிரெஞ்சு நீள அலகு), அதாவது 2.8 மி.மீ., குறைக்கவேண்டியதாயிற்று.

செய்முறையில் கவனம்: நீளத்தைத் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை, குண்டு தொங்கும் நிலையிலேயே அளக்கவேண்டும். பருத்தி நூல் எடைக்கு நீளும், நைலான் அதைவிட நீளும். மெல்லிய கம்பி நல்லது. 1 மி.மீ. பிழை விடையில் ஆயிரத்தில் ஒன்று. வீச்சு 10 பாகை என்றால் நேரம் ஆயிரத்தில் இரண்டு கூடும், 5 பாகைக்குள் வைத்தால் ஆயிரத்தில் அரைதான். 9.78-ஐயும் 9.81-ஐயும் பிரித்துச் சொல்ல ஆயிரத்தில் மூன்று வேண்டும். அதனால் 200 பக்க அலைவுகளைச் சேர்த்து எண்ணுங்கள். நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் தடுமாற்றம் அப்போது கரைந்துவிடும். நேரத்தை வீச்சின் ஓரத்தில் தொடங்காமல், குண்டு நடுவைக் கடக்கும்போது தொடங்கவேண்டும். அங்கேதான் வேகம் அதிகம், கணம் தெளிவாகத் தெரியும்.

---

விசைக்கோடு

ஊசல் சாரின் முதல் பதிலில் ஒன்றில் மாறுபடுகிறேன். மெர்ட்டன்காரர்கள் சொன்னது இன்று நாம் சொல்வதேதான் என்பது கொஞ்சம் அதிகம். அவர்களிடமும், கலிலியோவிடமும்கூட, முடுக்கம் ஓர் எண்ணாக இல்லை. யூக்ளிட் மரபில் ஒரே இனப் பொருட்களுக்கு இடையில்தான் விகிதம் எழுதலாம். தூரத்துக்குத் தூரம், நேரத்துக்கு நேரம். தூரத்தை நேரத்தால் வகுப்பது அந்த மரபில் பொருளற்றது. அதனால்தான் கலிலியோ எங்கேயும் வாய்பாடு எழுதாமல், "இந்தத் தூரத்துக்கும் அந்தத் தூரத்துக்கும் உள்ள விகிதம், நேரங்களின் விகிதத்தின் இரட்டிப்பு" (இன்றைய சொல்லில் வர்க்கம்) என்று பேசுகிறார். "மீட்டர் பர் விநாடி பர் விநாடி" என்ற அலகைக் கண்டு திகைக்கும் மாணவனுக்கு இதைச் சொல்லுங்கள். அவன் திகைப்பில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பியக் கணிதமே அதற்குப் பழக நாளானது.

வேகத்தை நேரத்தால் வகுத்து, நுண்கணித வடிவில் கணத்துக்குக் கணம் எழுதியது 1700 வாக்கில் பாரிஸில் வாரின்யோன். "விசை = நிறை × முடுக்கம்" என்ற சமன்பாட்டை நியூட்டன் 1687 நூலில் இந்த வடிவில் எழுதவில்லை. இயக்கத்தில் வரும் மாற்றம் செலுத்திய விசைக்கு நேர்விகிதம், அந்த விசையின் திசையிலேயே நடக்கும் என்பது அவர் விதி. மூன்று அச்சுகளுக்கும் தனித்தனியாக இன்றைய சமன்பாட்டை எழுதி, எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும் என்று நிறுவியது ஆய்லர்: 1750-ல் பெர்லின் அகாதமியில் படித்தது, 1752-ல் அச்சானது.

நியூட்டன் விதியில் "திசையிலேயே" என்ற பகுதிதான் உங்கள் பைக் கேள்விக்கு விடை. வேகமானி முள் அசையாமல் இருக்கலாம், திசை மாறினாலே முடுக்கம்தான். ஹைகன்ஸ் 1659-லேயே வட்ட இயக்கத்துக்கான அளவைக் கண்டுவிட்டார்: வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுப்பது. நியூட்டனும் 1660-களில் தனியாகக் கண்டார். மணிக்கு 36 கி.மீ. போகும் பைக் 20 மீட்டர் ஆர வளைவில் திரும்பினால் 100 ÷ 20 = 5 மீ/வி². விழும் கல்லின் முடுக்கத்தில் பாதி! ஓட்டுபவர் சுமார் 27 பாகை சாயவேண்டியிருப்பது அதனால்தான்.

நிலாக் கணக்கைக் கட்டாயம் போடவையுங்கள். நிலா பூமியின் ஆரத்தைப்போல 60 மடங்கு தூரத்தில், 27.3 நாளில் ஒரு சுற்று. ஆரம் 3,84,400 கி.மீ. என்று வைத்தால் முடுக்கம் 0.00273 மீ/வி² வரும். 9.81-ஐ 60-ன் வர்க்கமான 3600-ஆல் வகுத்தாலும் 0.00273. நியூட்டன் இதையே வேறு விதமாகச் சொன்னார்: நேர்கோட்டில் போயிருக்கவேண்டிய நிலா ஒரு நிமிடத்தில் பூமியை நோக்கி விழும் தூரமும், இங்கே கல் ஒரு விநாடியில் விழும் தூரமும் ஒன்றே, 4.9 மீட்டர். வட்டத்தில் சுற்றுவதும் விழுவதும் ஒரே வகை முடுக்கம் என்று இதைவிட நேராகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியாது.

இந்தியக் கணிதம் பற்றி: 499-ல் ஆரியபட்டர் தரும் சைன் அட்டவணையில் அடுத்தடுத்த வித்தியாசங்களின் வித்தியாசம் அந்தந்த சைனுக்கே விகிதமாகக் குறைகிறது. ஊசலின் முடுக்கம் அதன் விலகலுக்கு விகிதம் என்பதன் கணித வடிவம் இதுதான், ஆனால் அங்கே அது அட்டவணை போடும் முறை, இயக்க விதி அல்ல. 1150-ல் இரண்டாம் பாஸ்கரர் கோளின் ஒரு நாள் சராசரி நகர்வும் அந்தந்தக் கண நகர்வும் வேறு என்று பிரித்து, கண நகர்வை வேறுபாடு எடுத்துக் கணக்கிட்டார். கண வேகத்தைப் பொறுத்தவரை இது உண்மையான சாதனை. விழும் பொருள், விசை, முடுக்கம் என்ற இணைப்பு அதில் இல்லை. இரண்டையும் அப்படியே சொன்னால் போதும், பெருமை குறையாது.

---

கப்பன் பார்க் பயணி

கைபேசியை விட்டுவிட்டீர்களே. ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் செய்தது. முடுக்கமானியின் மூல எண்களை அப்படியே காட்டும். மேசையில் சும்மா கிடக்கும் கைபேசி 9.8 என்று மேல்நோக்கிக் காட்டும். பிள்ளைகள் "ஓய்வில் இருக்கும்போது முடுக்கம் பூஜ்யம் அல்லவா?" என்பார்கள். கேட்கட்டும். உள்ளே மயிரிழைச் சிலிக்கான் சுருளில் தொங்கும் சிறு நிறை. சட்டத்தைப் பொறுத்து அது எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது. மேசை தாங்கும்போது நிறை கீழே இழுபடுகிறது. கையை விட்டு விழும்போது நிறையும் சட்டமும் சேர்ந்தே விழுவதால் விலகலே இல்லை, காட்டுவது பூஜ்யம்.

உச்சிப் பந்துக் கேள்விக்கு இதுதான் சோதனை. மெத்தைக்கு மேலே, உறை போட்ட கைபேசியை அரை மீட்டர் உயரத்துக்கு நேராகத் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். கையை விட்டதிலிருந்து பிடிக்கும்வரை 0.64 விநாடி. விநாடிக்கு 100 பதிவு என்றால் 64 புள்ளிகள். எல்லாமே பூஜ்யத்தை ஒட்டி ஒரே நேர்கோடு. ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது எந்த மாற்றமும் இல்லை. உச்சியில் முடுக்கம் மறைந்திருந்தால் கருவி அங்கே 9.8 காட்டியிருக்கவேண்டும். சுழலவிடாமல் எறியவேண்டும். விநாடிக்கு ஒரு சுற்று சுழன்றாலே, உணரி மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி இருந்தால் 1.2 மீ/வி² பொய்யாகச் சேரும்.

1907-ல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் ஐன்ஸ்டைனுக்கு வந்த யோசனையும் இதுவே: கூரையிலிருந்து விழுபவன் தன் எடையை உணரமாட்டான். சீரான முடுக்கத்தையும் ஈர்ப்பையும் உள்ளே இருந்துகொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. எம்.ஜி. ரோடிலிருந்து கப்பன் பார்க் போகும் ஊதா வழித்தட ரயிலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த இடத்தில் ரயில் மேம்பாலத்திலிருந்து சுரங்கத்துக்கு இறங்குகிறது. சரிவு 100-க்கு 3 என்று வைத்தால் அதனால் மட்டும் வரும் பங்கு 0.29 மீ/வி². ஒரே வேகத்தில் இறங்கும் ரயிலில் தரையோடு ஒட்டி வைத்த கைபேசி, நீளவாக்கில் ஒரு முடுக்கம் இருப்பதாகவே காட்டும். மெட்ரோ ரயில் கிளம்பும்போது வருவது 1 மீ/வி² அளவு, அதில் இது கால்பங்குக்கு மேல்.

இதனால் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் முடுக்கத்தைக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டித் தூரம் என்று கணக்கிட ஆசைப்படுவார்கள். கணிதம் சரி, விடை வராது. கருவியில் 0.02 நிலையான பிழை இருந்தால் ஒரு நிமிடத்தில் வேகத்தில் 1.2 மீ/வி, தூரத்தில் 36 மீட்டர் பிழை. கைபேசி 1 பாகை சாய்ந்தாலே 0.17 சேரும். ரயில் நிற்கும்போது 20 விநாடி பதிவு செய்து, அந்தச் சராசரியைக் கழித்துவிட்டு, கிளம்பும் 15 விநாடியை மட்டும் எடுங்கள்.

---

அல்சூர் மாலை வகுப்பு

குழாய், ஆங்கிள், ஊசல், நிலாக் கணக்கு, கைபேசி என்ற வரிசையில் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கிறோம். ரயிலில் கைபேசியைக் கையில் பிடித்தாலே போதுமா?

---

கப்பன் பார்க் பயணி

போதாது. கை தானாகவே அதிர்வைச் சமன்செய்யும், சாய்வையும் மாற்றும். கடைசிப் பெட்டியில் கூட்டம் இல்லாத நேரத்தில், இருக்கைக்கு அடியில் தரையில், நீளவாக்கு ரயில் போகும் திசைக்கு இணையாக இருக்கும்படி இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். அதிர்வு எண்களில் நிறைய இரைச்சல் வரும், ஒரு விநாடிக்கு ஒரு சராசரி எடுத்தால் வளைவு தெளியும். நிலையப் பணியாளரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போவது நல்லது.